பதினான்குக்கு மூன்று: அறிவு சொல்லியும் மனம் நகராதது ஏன்?

கேள்வி, ஜூன் 3

இந்த வேலையை விட வேண்டும் என்று எனக்கு இரண்டு ஆண்டுகளாகத் தெரியும். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். விடுவதற்குப் பதினான்கு காரணங்கள், தொடர்வதற்கு மூன்று. பதினான்கும் வலுவானவை. ஆனாலும் ராஜினாமாக் கடிதம் எழுதக் கை வரவில்லை. மனிதன் அறிவால் நடக்க வேண்டியவன், உணர்ச்சிதான் குறுக்கே வந்து கெடுக்கிறது என்பது என் முடிவு. அறிவு எஜமான், உணர்ச்சி வேலைக்காரன். இங்கே வேலைக்காரன் எஜமானை மிரட்டுகிறான். அவனை அடக்குவது எப்படி?

பதில், ஜூன் 3, இரவு

அந்த எஜமான், வேலைக்காரன் கணக்கே தலைகீழ் என்று நினைக்கிறேன். ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1739இல், தமது இருபத்தேழாவது வயதில் வெளியிட்ட நூலில், அறிவு உணர்ச்சிகளின் அடிமை, அடிமையாக மட்டுமே இருக்கவும் வேண்டும் என்று எழுதினார். படிப்பவரைச் சீண்டுவதற்காக எழுதியது போலத் தோன்றும். ஆனால் அவர் காட்டும் காரணம் எளிமையானது. அறிவுக்குத் தெரிந்த வேலைகள் இரண்டு. கணக்கில் வருவதுபோல ஒன்றிலிருந்து மற்றொன்று பெறப்படுவதைக் காட்டும். எதனால் எது விளையும் என்று சொல்லும். இந்த மருந்தைச் சாப்பிட்டால் காய்ச்சல் இறங்கும் என்பது வரை அது கூட வரும். காய்ச்சல் இறங்க வேண்டும் என்பது அதன் வாயிலிருந்து வராது. அது உடம்பு நோகிறவனின் குரல்.

ஹியூம் இதைக் கடைசி எல்லை வரை கொண்டுபோகிறார். என் விரலில் ஒரு கீறல் விழுவதைவிட உலகமே அழியட்டும் என்று ஒருவன் விரும்பினாலும் அதில் அறிவுக்கு முரணானது எதுவும் இல்லை என்கிறார். அதில் கொடுமை உண்டு, கணக்குப் பிழை இல்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே உங்கள் பதினான்கு காரணங்களும் சேர்ந்து உங்களை ஓர் அங்குலம்கூட நகர்த்தாததில் எனக்கு வியப்பில்லை. காரணங்களுக்குக் கால் கிடையாது.

ஜூன் 4, காலை

படுத்த பிறகும் அந்த எண்கள் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தன. பதினான்கு, மூன்று. ஏன் எண்ணினீர்கள்? தலைக்கு ஒரு வாக்கு என்று எண்ணி முடிக்கக் காரணங்கள் என்ன தேர்தலிலா நிற்கின்றன?

1772இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் தம் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் இதே முறையைச் சொல்லிக்கொடுத்தார். தாளின் நடுவே கோடு போடு. ஒரு பக்கம் ஆதரவு, மறு பக்கம் எதிர்ப்பு. மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்றக் குறித்துக்கொண்டே வா. அவர் அத்தோடு நிறுத்தவில்லை. ஒவ்வொன்றின் எடையையும் மதிப்பிடச் சொன்னார். இந்தப் பக்கத்தில் உள்ள ஒன்று அந்தப் பக்கத்தில் உள்ள இரண்டுக்குச் சமம் என்றால் மூன்றையும் அடித்துவிடச் சொன்னார்.

அந்த எடை எங்கிருந்து வருகிறது? சம்பளம் போதவில்லை என்பதும், அங்கே என்னை மதிப்பதில்லை என்பதும் தாளில் ஏறக்குறைய ஒரே நீள வரிகள்தாம். எது கனமானது என்று தாளுக்குத் தெரியாது. எது உங்களை எவ்வளவு உறுத்துகிறது என்பதே எடை. உணர்ச்சியை வெளியே தள்ளிவிட்டு எடைபோட உட்காருகிறவர் தராசையே வெளியே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

ஜூன் 4, மதியம்

எடையே இல்லாமல் காரணங்களை அடுக்கும் மனிதர் எப்படி இருப்பார் என்று ஒருவர் கேட்டார். அப்படி இருந்திருக்கிறார்கள். நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ 1994இல் வெளியிட்ட நூலில் எலியட் என்று மாற்றுப் பெயரிட்டு ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மூளைக் கட்டியை அகற்றியபோது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியும் சேதமடைந்தது. அறிவுத்திறன் சோதனைகளில் குறை ஒன்றும் இல்லை. நினைவும் பேச்சும் கணக்கும் அப்படியே இருந்தன. ஆனால் வேலை போயிற்று, சேமிப்பு போயிற்று, மணவாழ்க்கையும் போயிற்று. அந்தத் துயரக் கதை முழுவதையும் யாரோ ஒருவரின் கதையைச் சொல்வதுபோல அவரே சலனமில்லாமல் சொன்னாராம்.

அவரிடம் அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நாட்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறக்குறைய அரை மணி நேரம் இரண்டுக்கும் ஆதரவாகவும் எதிராகவும் காரணங்களை அடுக்கிக்கொண்டே போனார். எல்லாமே சரியான காரணங்கள். கடைசியில் டமாசியோ, இரண்டாவது தேதியில் வாருங்கள் என்றார். சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

உணர்ச்சியின் தொல்லை நீங்கிய தூய அறிவு இப்படித்தான் இருக்கும் என்றால் எனக்கு அது வேண்டாம்.

ஜூன் 4, மாலை

மேலே எழுதியதில் ஒரு பிழை. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தேதி தேர்ந்தெடுக்க முடியாதவர் எலியட் அல்லர். அதே பகுதியில் பாதிப்புள்ள வேறொரு நோயாளி. திருத்திக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றை நான் விட்டுவிட்டேன். அந்த நோயாளி அதற்கு முந்தைய நாள்தான் பனி உறைந்த சாலையில் தானே கார் ஓட்டி வந்திருக்கிறார். அவருக்கு முன்னால் சென்ற பெண் வண்டி வழுக்கியதும் பதறி பிரேக்கை மிதித்துப் பள்ளத்தில் சரிந்தார். இவரோ பதறவில்லை. வழுக்கும் சாலையில் என்ன செய்ய வேண்டுமோ அதை நிதானமாகச் செய்து அந்த இடத்தைக் கடந்தார். ஒரே மனிதர். ஒரே குறைபாடு முதல் நாள் அவரைக் காப்பாற்றியது, மறுநாள் ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்க முடியாமல் செய்தது.

ஆக, கேள்வி கேட்டவர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் நேற்று அடித்துப் பேசியது மிகை. பதற்றம் கெடுக்கும் இடங்கள் இருக்கின்றன. பனிச்சாலையில் என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே முடிவானது, செய்வதுதான் மிச்சம். இரண்டு தேதிகளுக்கு நடுவே எதைச் செய்வது என்பதே இன்னும் முடிவாகவில்லை. இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

ஜூன் 5

தேரோட்டியை மறந்துவிட்டீர்களே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மறக்கவில்லை. கட உபநிடதத்தில் உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி தேரோட்டி. தேரில் அமர்ந்திருப்பது ஆன்மா. கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவிடம் இரண்டு குதிரைகள். ஒன்று அடங்கியது, மற்றது முரடு. இரண்டு படங்களிலும் என் கண்ணுக்குத் தெரிவது ஒன்றே. தேரோட்டி தேரை இழுப்பதில்லை. குதிரைகளை அவிழ்த்துவிட்டால் எவ்வளவு நல்ல தேரோட்டியும் நின்ற இடத்தில்தான் உட்கார்ந்திருப்பான்.

ஜூன் 6

நேற்றைய குறிப்புக்குச் சரியான அடி விழுந்திருக்கிறது. பிளேட்டோவின் அறிவு வெறும் தேரோட்டி அல்ல, அதற்கே ஓர் ஆசை உண்டு என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். ஒத்துக்கொள்கிறேன். உள்ளத்தை மூன்று பகுதிகளாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு பகுதிக்கும் உரிய இன்பமும் வேட்கையும் உண்டு என்றே பிளேட்டோ சொல்கிறார். வயிற்றுக்குச் சோற்றின் மேல் ஆசை. வீரத்துக்குப் புகழின் மேல் ஆசை. அறிவுக்கு உண்மையின் மேல் ஆசை. பசி எடுக்கும் தேரோட்டி அவன்.

இது என்னைத் தொந்தரவு செய்கிறது. உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் ஒரு வேட்கை என்றால், ஹியூமின் அடிமை எந்த எஜமானுக்கு அடிமை?

ஜூன் 7

நம்மிடம் இருக்கும் படம் தேர் அல்ல, கயிறு. நற்றிணையின் 284ஆம் பாட்டு. பொருள் தேடிப் போனவன் பாதி வழியில் நிற்கிறான். நெஞ்சம் சொல்கிறது: அவள் துயரைத் தீர்ப்போம், திரும்பிப் போவோம். அறிவு சொல்கிறது: எடுத்த வினையை முடிக்காமல் விட்டால் அறியாமையும் இளிவும் (இகழ்ச்சியும்) வந்து சேரும், சற்றுப் பொறு, விரையாதே. இரண்டு களிறுகள் இரு பக்கமும் பற்றி இழுக்கும் புரி தேய்ந்த பழங்கயிறுபோல என் உடம்பு அழிந்துவிடுமோ என்கிறான். எழுதியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையையே பெயராக்கித் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று அழைக்கிறோம்.

இளவயதில் படித்தபோது இது அறிவுக்கும் உணர்ச்சிக்கும் நடக்கும் போர் என்று எடுத்துக்கொண்டேன். இன்று காலை மறுபடி படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அறிவு எதைக் காட்டித் தடுக்கிறது? இளிவைக் காட்டி. இளிவு என்பது கணக்கில் வரும் உண்மையா? அது ஓர் உணர்ச்சி. தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரலும் ஒன்று; அழுகைக்கும் அச்சத்துக்கும் வெகுளிக்கும் பக்கத்தில் இருப்பது. அறிவு தன் பக்கத்துக் களிறாகக் கட்டி இழுப்பது நாளை வரப்போகும் ஒரு வெட்கத்தை. நெஞ்சத்தின் களிறு இப்போதே எரியும் ஓர் ஏக்கம்.

இரண்டுமே களிறுகள் என்பதைப் புலவர் கண்டிருக்கிறார். ஒரு பக்கம் களிறு, மறு பக்கம் பாகன் என்று அவர் பாடவில்லை.

ஜூன் 7, இரவு

இதையே ஹியூம் வேறு விதமாகச் சொல்கிறார். உணர்ச்சிகளில் கொந்தளிப்பவை உண்டு, அமைதியானவையும் உண்டு. உயிர் மேல் உள்ள பற்று, பிள்ளைகள் மேல் உள்ள பரிவு போன்றவை பெரும்பாலும் அரவம் இல்லாமல் வேலை செய்கின்றன. சத்தம் கேட்காததால் அவற்றை அறிவு என்று எண்ணி ஏமாறுகிறோம். அறிவு ஆசையை வென்றது என்று நாம் சொல்லும் பல இடங்களில் அமைதியான ஆசை ஒன்று ஆரவாரமான ஆசையை வென்றிருக்கிறது.

தத்துவஞானி ஸ்பினோசாவும் ஓர் உணர்ச்சியை அதைவிட வலிய எதிர் உணர்ச்சியால்தான் அடக்க முடியும் என்றார். அதைச் சொல்லும் நூல் 1677இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. வள்ளுவர் பற்றை விடுவதற்கே ஒரு பற்றைப் பற்றச் சொல்கிறார். அந்தக் குறளை வெறும் சொல் விளையாட்டு என்று நான் வெகுநாள் நினைத்திருந்தது தவறு.

ஜூன் 9

சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது போலிருக்கிறது.

நானும் தம்பியும் ஆறு ஆண்டுகள் பேசவில்லை. அப்பாவிடம் தொழிலுக்காக வாங்கிய பணத்தை அவன் திருப்பிக் கொடுக்கவே இல்லை என்பது என் நம்பிக்கை. அப்பா போன பிறகு அது பெரிய சண்டையாகிப் பேச்சு நின்றது. அந்த ஆறு ஆண்டுகளில் என் அறிவு சும்மா இருக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் கோவையாகப் பேசினேன். தேதி வாரியாகச் சொல்வேன். எதிர்வாதம் வந்தால் பதில் தயாராக இருக்கும். கோபத்தில் பேசுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு நிதானமாகப் பேசினேன். நிதானமாகப் பேசியதாலேயே நான் அறிவின் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

போன ஆண்டு அப்பாவின் பழைய டைரிகளைத் தேடி எடுத்தேன். பணம் கொடுத்த தேதியை அவர் கையெழுத்திலேயே காட்டி வாதத்தை முடித்துவிட வேண்டும் என்பது எண்ணம். கொடுத்தது இருந்தது. பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் தள்ளி, தம்பியிடமிருந்து வந்தது என்று ஒரு வரி. பிறகு இன்னொன்று. மூன்றாவது டைரியில், அவன் கணக்கு முடிந்தது என்று அப்பாவின் சாய்ந்த எழுத்தில்.

நாற்காலியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் அப்படியே வடிந்துவிட்டது. ஹியூம் சொன்னதும் இதுவே. ஓர் உணர்ச்சி பொய்யான நம்பிக்கையின் மேல் நின்றால், அது பொய் என்று அறிவு காட்டியதும் உணர்ச்சி தானே விழும்.

ஜூன் 9, நள்ளிரவு

மேலே எழுதியது முழு உண்மை அல்ல. தூக்கம் வராமல் எழுந்து வந்து எழுதுகிறேன்.

கோபம் வடிந்தது உண்மை. எவ்வளவு நேரம்? அன்று இரவு வரைக்கும். படுத்ததும் வேறொரு கேள்வி வந்து நின்றது: கொடுத்துவிட்டான் என்றால் ஏன் சொல்லவில்லை? ஆறு ஆண்டுகள் என்னை முட்டாளாக்கி வேடிக்கை பார்த்தானா? அதே கோபம், அதே சூடு. வீட்டை மட்டும் மாற்றிக்கொண்டது. என் அறிவும் உடனே அதன் பின்னாலேயே போய்ப் புதிய வாதங்களை அடுக்கத் தொடங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பணம் அந்தக் கோபத்தின் வேராக இருந்திருந்தால் பணம் போனதும் கோபமும் பட்டுப்போயிருக்க வேண்டும். பணம் அதன் சட்டை. சட்டையைக் கழற்றியதும் இன்னொன்றைப் போட்டுக்கொண்டது. வேர் எங்கே என்று தேடினால் அது மருத்துவமனை வாசலில் இருந்தது. அப்பா போன அன்று தம்பி தாமதமாக வந்தான். நான் தனியாக நின்றேன். அவ்வளவுதான். அதை யாரிடம் எப்படி வாதமாகச் சொல்வது? சொல்ல முடியாததால் பணத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 11

ஆக, அறிவு என்பது உணர்ச்சி அமர்த்திய வக்கீல்தானே என்று இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே சொற்களில் எழுதியிருக்கிறார்கள். என் கதையிலிருந்து அப்படி முடிவெடுப்பது எளிது. இரண்டு நாள் யோசித்த பிறகு அது பாதிதான் சரி என்று தோன்றுகிறது.

டைரியை நான் எதற்காகத் திறந்தேன்? அவனுக்கு எதிராகச் சாட்சி தேட. அனுப்பியது கோபம், கூலி கொடுத்ததும் கோபம். ஆனால் கூலிக்குப் போனவன் கண்ணைக் கட்டிக்கொண்டு போகவில்லை. கேட்ட பக்கத்தைப் பார்த்தான், அதைத் தாண்டியும் பார்த்தான். எஜமான் கேட்காத செய்தியைக் கொண்டுவந்தான். அந்தச் செய்தியே எஜமானை நாற்காலியில் சாய்த்தது. அடிமை என்ற சொல்லில் எனக்குப் பொருந்தாதது இது. தன் எஜமானைக் கவிழ்க்கும் சேதியோடு திரும்பி வரக்கூடியவனை எந்தக் கணக்கில் அடிமை என்பது?

வக்கீல் வேறொன்று செய்திருப்பார். அந்த மூன்று டைரிகளையும் மறுபடி கட்டி மேலே போட்டுவிட்டு வந்திருப்பார். எனக்கும் அந்த எண்ணம் வந்தது. சில நிமிடங்கள் இருந்தது. அதைத் தடுத்தது எது என்று இப்போது கேட்டால், ஜூன் 6ஆம் தேதி என்னைத் திருத்தியவர் சொன்னதுதான் விடை: உண்மை என்ன என்று தெரிந்தே ஆக வேண்டும் என்ற பசி. அந்தப் பசி இல்லாதவனிடம் அறிவு வக்கீலாகவே இருந்துவிடும். பசி இருப்பவனிடமும் பல நாள் வக்கீலாகத்தான் இருக்கும்; என்னிடம் ஆறு ஆண்டுகள் இருந்தது.

ஜூன் 14

விருப்பமே இல்லாமல் கடமைக்காக மட்டும் ஒன்றைச் செய்கிறோமே, அங்கே நம்மை நகர்த்துவது எந்த உணர்ச்சி என்று கேட்டவருக்கு. நீங்கள் கேட்டது என்னைக் கலங்கச் செய்தது என்பதால்தான் இந்தத் தாமதம்.

அம்மாவின் கடைசி மாதங்களில் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்க வேண்டும். துணி மாற்ற வேண்டும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அந்த நேரத்தில் என்னிடம் அன்பு இருந்தது என்று சொன்னால் பொய். அலுப்பு இருந்தது. சில இரவுகளில் எரிச்சலும் இருந்தது. இருந்தும் எழுந்தேன். எது எழுப்பியது?

ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1785இல் இப்படிப்பட்ட ஒருவனைத்தான் எடுத்துக்காட்டுகிறார். இரக்க குணம் உள்ளவன். சொந்தத் துயரத்தில் மூழ்கி மனம் மரத்துப்போய், பிறர் துன்பம் அவனைத் தொடுவதே இல்லை. ஆனாலும் தன்னைப் பிடுங்கி எழுப்பிக்கொண்டு, விருப்பம் எதுவும் இல்லாமல், கடமை என்பதற்காக மட்டும் உதவுகிறான். அவன் செயலுக்கு அப்போதுதான் உண்மையான அறமதிப்பு உண்டு என்கிறார் கான்ட்.

இதை அமைதியான உணர்ச்சி என்ற பெட்டியில் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்று முதலில் எண்ணினேன். அன்பு சத்தமில்லாமல் அடியில் ஓடிக்கொண்டிருந்தது, அதுவே எழுப்பியது என்று எழுதி வைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். ஆளை நகர்த்தியது எதுவானாலும் அதற்கு அமைதியான உணர்ச்சி என்று பெயர் சூட்டினால் நான் எப்போதும் தோற்கவே மாட்டேன். தோற்கவே முடியாத வாதம் எதையும் சொல்வதில்லை.

ஜூன் 15

நேற்று விட்ட இடத்திலிருந்து. கான்ட்டும் கடமைக்கு ஓர் உணர்வைத் துணைக்கு வைக்கிறார். மதிப்பு என்று அதைச் சொல்லலாம். ஆனால் வெளியிலிருந்து ஆசையைப்போல வருவதல்ல, அறிவே தன்னுள் பிறப்பிக்கும் உணர்வு என்கிறார். ஹியூமிடம் உணர்ச்சி முதலில், அறிவு பிறகு. கான்ட்டிடம் அறிவு முதலில், அதிலிருந்து ஓர் உணர்வு. யாருமே உணர்வே இல்லாமல் கால் எடுத்து வைக்கவில்லை என்பது எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

அந்த இரவுகளைப் பற்றி நினைவில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். அலாரம் அடித்ததும் முதலில் வந்தது, இன்னும் ஐந்து நிமிடம் என்பது. அடுத்து வந்தது ஒரு படம்: ஈரத் துணியில் அவள் விழித்துக்கொண்டு கிடக்கிறாள், கூப்பிடத் தயங்குகிறாள். அந்தப் படம் வந்துவிட்டால் படுத்திருக்க முடியாது. படம் அறிவு தந்தது. பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்பது தகவல். தகவல் எப்படி என்னைத் தூக்கி நிறுத்தியது? பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் கருதிக் காக்காவிட்டால் அறிவினால் ஆவது என்ன என்று கேட்கும் குறள் (315) இருக்கிறதே, அதை இப்போது இப்படிப் படிக்கிறேன்: நோவும்படி தெரிந்துகொள்வதும் தெரிந்துகொள்வதில் ஒரு வகை. அவள் ஈரத்தில் கிடக்கிறாள் என்று தெரியும், ஆனால் ஒன்றும் தோன்றவில்லை என்று ஒருவன் சொன்னால் அவனுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றே சொல்வேன்.

ஹியூம் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். எனக்கு அந்த இரவுகள் இருக்கின்றன.

ஜூன் 17

சின்ன விலகல். உள்ளுதல் என்றால் நினைத்தல். உள்ளம் உடைமை உடைமை என்று வள்ளுவர் சொல்லும்போது உள்ளம் என்றால் ஊக்கம். நினைப்பதும் முந்துவதும் ஒரே வேரிலிருந்து. நெஞ்சு என்ற சொல்லும் அப்படித்தான், யோசிப்பதும் அதுவே உருகுவதும் அதுவே. மொழி பிரிக்காததால் பொருளும் பிரியாது என்று நான் வாதிடவில்லை. சொல்லிப் பார்க்கப் பிடித்திருக்கிறது.

ஜூன் 20

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். தத்துவம் போதும், அடுத்து என்ன செய்வது என்கிறார். நியாயம்.

அந்தப் பதினான்கை விட்டுவிடுங்கள். உங்களைப் பிடித்து வைத்திருப்பவை அந்த மூன்று. ஒவ்வொன்றுக்கும் நான் டைரியால் செய்ததைச் செய்து பாருங்கள். அது பொய் என்று ஒரு கணம் வைத்துக்கொள்ளுங்கள். புதிய வேலை கிடைக்காது என்பது ஒரு காரணம் என்றால், கையிலேயே இன்னொரு வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயம் போகிறதா? போனால் அந்தக் காரணமே வேர். அது உண்மையா என்று ஆராயுங்கள், அறிவு அங்கே உதவும். போகாமல் அடுத்த காரணத்துக்குத் தாவினால் அது சட்டை. மூன்றையும் கழற்றிய பிறகும் எது மிஞ்சி நிற்கிறதோ அதனோடு பேசுங்கள்.

அடக்குவதைப் பற்றி ஒரு சொல். 1960களின் பிற்பகுதியிலிருந்து உளவியலாளர் வால்டர் மிஷெல் சிறு குழந்தைகளை வைத்துச் செய்த சோதனைகளை அறிந்திருப்பீர்கள். முன்னால் ஒரு தின்பண்டம். உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையோடு மல்லுக்கட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்கள், பாடினார்கள், திரும்பி உட்கார்ந்தார்கள். அந்த மிட்டாயை வெண்மேகமாக நினைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தபோது அதிக நேரம் காத்திருக்க முடிந்தது. அந்தக் காத்திருப்பை வைத்துப் பிள்ளையின் பிற்கால வாழ்க்கையையே கணிக்கலாம் என்று பரவிய பேச்சு, 2018இல் குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்துச் செய்த ஆய்வில் பெரிதும் வலுவிழந்துவிட்டது. ஆனால் மேகம் எனக்கு முக்கியம். அறிவு அங்கே ஆசையை அடிக்கவில்லை. ஆசை பார்த்துக்கொண்டிருந்த பொருளை மாற்றிக் காட்டியது.

அம்மாவின் அறையில் நடந்ததும் அதுவே, எதிர்த்திசையில். மங்கலாக இருந்ததைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தது.

ஜூன் 21

"எஜமான் வேண்டும் என்கிறது என் மனம், நீங்கள் எஜமானே இல்லை என்கிறீர்கள்" என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எஜமான் இல்லாத வீடு என்று நான் சொல்லவில்லை. யார் எஜமான் என்ற கேள்வியிலிருந்து தொடங்கியதால்தான் நான் முதல் இரவில் ஹியூமிடம் ஓடினேன். இன்று அங்கிருந்து தொடங்கமாட்டேன். யார் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்பேன்.

ஜூன் 28

வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். இரண்டு காரணங்கள் கழன்றுவிட்டனவாம். மூன்றாவது, அவர் பழக்கிவிட்ட இரண்டு இளையவர்கள் அந்த இடத்தில் தனியாக மாட்டிக்கொள்வார்கள் என்பது. எவ்வளவு கழற்றியும் அது அப்படியே நிற்கிறதாம். அதை உணர்ச்சி என்று தள்ளிவிடத்தான் இரண்டு ஆண்டுகளாக முயன்றதாகச் சொல்கிறார். இப்போது அவர்களோடு பேசிவிட்டு முடிவெடுக்கப் போகிறாராம். விடுவாரா தொடர்வாரா என்று எனக்குத் தெரியாது. அவர் கேள்வியில் ஒன்றுக்குப் பதினான்கு எடை இருந்தது என்பது மட்டும் இப்போது தெரிகிறது.

ஜூலை 2

தம்பியிடம் பேசினாயா என்று கேட்டவர்களுக்கு. டைரியைப் பார்த்து ஒரு மாதம் கழித்துப் பேசினேன். அந்த ஒரு மாதமும் என்ன சொல்வது என்று வாதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசியை அவன் எடுத்ததும் அவற்றில் ஒன்றும் வாயில் வரவில்லை. அன்று நீ தாமதமாக வந்தாய், நான் தனியாக நின்றேன் என்றேன். எதிர்முனையில் வெகுநேரம் சத்தம் இல்லை. வண்டி கிடைக்கவில்லை அண்ணா என்றான். பிறகு, கிடைத்திருந்தாலும் வந்திருப்பேனா தெரியவில்லை, அவரை அப்படிப் பார்க்கப் பயமாக இருந்தது என்றான்.

பணத்தைப் பற்றி அன்று இருவருமே எடுக்கவில்லை. இரண்டாவது முறை பேசும்போது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவே இல்லையே, குற்றம்தானே சாட்டினாய் என்றான். அவனிடமும் ஆறு ஆண்டுகள் கோவையாக அடுக்கிவைத்த வாதங்கள் இருந்திருக்கின்றன. சிலவற்றை ஒப்பித்தான். நன்றாகவே இருந்தன.

மூன்று டைரிகளையும் போன வாரம் அவனுக்கு அனுப்பிவிட்டேன். எனக்கு வேண்டிய பக்கங்களை மட்டுமே நான் படித்திருக்கிறேன். மற்றப் பக்கங்களை அவன் படித்துச் சொல்வதாக ஏற்பாடு.